தாளத்தில் நிற்காத அஞ்சு

உட்காருங்கள் வாத்தியாரே. சன்னல் பக்கம் நான் இருந்துகொள்கிறேன். வளைவில் வயிற்றைப் புரட்டினால் நான் வெளியே தலையை நீட்ட வேண்டும், நீங்களோ வெள்ளைச் சட்டை. வாத்தியார் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறீர்களா? சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருக்கிறதே. என்ன பாடம்? கணக்கா? போச்சு. இன்றைக்கென்று பார்த்து என் பக்கத்தில் ஒரு கணக்கு வாத்தியார்.

வேண்டாம், அந்தப் பையைக் கீழே வைக்க வேண்டாம். என் மடியிலேயே இருக்கட்டும். கனம்தான், பழகிவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை, பலாப்பழம்.

இந்த மலையில் மொத்தம் பதினேழு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் போர்டு நட்டு, ஒன்றின் கீழ் பதினாலு, இரண்டின் கீழ் பதினாலு என்று எழுதியிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். எழுதியவன் அடிவாரத்தில் டீக்கடையில் உட்கார்ந்து எழுதியவன். நான் அறுபது வருஷமாக ஏறி இறங்குகிறேன்.

என்னைத் தெரியவில்லையா? மசணன். கல்லம்பெட்டு மசணன். இருளர் பாட்டு மசணன் என்றால்? அதுவும் தெரியாது. பரவாயில்லை. ஒரு காலத்தில் காட்டு உரிமை என்று எங்கே கூட்டம் போட்டாலும் பேச்சாளர் வருவதற்கு முன்னால் நான் வந்தாக வேண்டும். தோளில் பொறையை மாட்டிக்கொண்டு, பொறை என்றால் எங்கள் மத்தளம், நாலு தட்டுத் தட்டினால்தான் ஜனம் உட்காரும். நானே கட்டிய பாட்டு, நானே போட்ட மெட்டு. இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து கேட்பார்கள்.

ஒரு தடவை அடிவாரத்தில் கூட்டம். பாதிப் பாட்டில் ஒரு கொம்பன் யானை வந்துவிட்டது. நாலாயிரம் பேரும் ஓடிவிட்டார்கள். மேடையில் நான் மட்டும். ஓடினால் பாட்டு பாதியில் நிற்குமே? பாடினேன். யானை மூன்றாவது வரிசையில் நின்று காதை ஆட்டாமல் கேட்டது. முடிந்ததும் மெல்ல வந்து, தும்பிக்கையால் மைக்கை அணைத்துவிட்டுப் போயிற்று. சிரிக்காதீர்கள். மைக்செட்காரன் இருக்கிறான், கேட்டுப் பாருங்கள். இல்லை, அவன் செத்துவிட்டான்.

"என்ன மசணண்ணா, யானை மைக்கை அணைச்சிருச்சா?"

"அணைச்சிருச்சு, நீ போய் டிக்கெட்டப் போடுடா."

கண்டக்டர். நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

எங்கே இறங்குகிறேன் என்றா கேட்டீர்கள்? கோட்டாட்சியர் ஆபீசு. பதினொரு மணிக்கு விசாரணை. ஊரிலிருந்து மற்றவர்கள் எல்லாம் காலையிலேயே ஜீப்பில் போய்விட்டார்கள். ஜீப்பில் இடம் இல்லை. பின் சீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், ஆனாலும் இடம் இல்லை. எனக்கு பஸ்தான் பிடிக்கும்.

என்ன விசாரணை என்று கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். இந்த வழக்கில் ஒரு பாட்டுதான் சாட்சி. என் பாட்டு. மெதுவாகப் பாடுகிறேன், தொண்டை போய்விட்டது.

*ஏழு கல்லுவீடு இருக்குது காட்டுல*
*எங்க பாட்டன் பேரு இருக்குது கல்லுல*
*பட்டா கேக்குற ஐயா, வந்து பாருங்க*
*படுத்திருக்கவங்கள எழுப்பிக் கேளுங்க*

கல்லுவீடு என்றால் மாளிகை இல்லை. நாலு பக்கம் பலகைக்கல், மேலே ஒரு பலகைக்கல், இடுப்பு உயரம். குலத்துக்கு ஒன்று. எங்களில் ஒருவர் செத்தால் ஓடையில் இறங்கி, தண்ணீர் உருட்டிய உருண்டைக்கல் ஒன்றை எடுத்து, எண்ணெய் தடவி, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். அந்தக் கல்தான் அதற்கப்புறம் அவர். வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு கொண்டுபோய் அவர் குலத்தார் நடுவில் கல்லுவீட்டுக்குள் உட்கார வைப்போம். அதுவரைக்கும் தினமும் எண்ணெய் தடவ வேண்டும், ஒரு பிடி களி வைக்க வேண்டும். உட்கார வைத்த பிறகுதான் அவருக்கும் ஓய்வு, நமக்கும் ஓய்வு.

மூணு. பார்த்தீர்களா, போர்டில் மூணு. எனக்கு நாலு.

அந்தப் பாட்டு முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டியது. அப்போது காட்டைக் கேட்டால் அதிகாரிகள், "உங்க காடுங்கிறதுக்கு என்னய்யா ஆதாரம்?" என்று கேட்பார்கள். எங்களிடம் பத்திரம் ஏது? செத்தவர்கள்தான் பத்திரம். அதைத்தான் பாட்டாக்கினேன். எத்தனை மேடை, எத்தனை ஊர். டெல்லியில் பாடும்போது பத்தாயிரம் பேர். ஒரு மந்திரி அழுதார். மொழி புரியாமலே அழுதார், அதுதான் மெட்டு.

ஆனால் வாத்தியாரே, உண்மையில் கல்லுவீடு அஞ்சு.

அப்படிப் பார்க்காதீர்கள். பாட்டு கட்டியவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அஞ்சு என்று சொல்லிப் பாருங்கள், சொன்ன உடனே வாய் மூடிக்கொள்கிறது. ஏழு என்று சொல்லுங்கள். ஏ...ழு. மலையின் இந்தப் பக்கம் ஆரம்பித்தால் அந்தப் பக்கம் வரை இழுக்கலாம். அஞ்சு தாளத்தில் நிற்காது. நான் என்ன செய்வது? இரண்டு வீடு கூட்டினால் யாருக்கு நஷ்டம்?

ஒருத்திக்குத்தான் பிடிக்கவில்லை. கெம்பி. என் வீட்டுக்காரி. பின்பாட்டு அவள்தான் பாடுவாள். நான் "ஏழு கல்லுவீடு" என்று இழுத்தால் பின்னால் இருக்கிற ஆறு பேரும் "ஏழு, ஏழு" என்று வாங்க வேண்டும். அவள் மட்டும் "அஞ்சு, அஞ்சு" என்பாள். மேடையிலேயே! கூட்டச் சத்தத்தில் ஜனத்துக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். திரும்பும்போது பஸ்ஸில் சண்டை.

"உனக்குத் தாளமே வராதாடி?"

"தாளம் வருது. பொய்தான் வரமாட்டேங்குது."

"பாட்டுல எதுக்குடி எண்ணிக்கை?"

"செத்தவங்க எண்ணி வச்சிருக்காங்கல்ல. உங்கம்மா இருக்கிற வீட்டையும் சேத்து அஞ்சு. ரெண்டு வீட்டுக்கு எங்க போய் ஆள் புடிப்ப?"

இப்படித்தான், இருபத்து நாலு வருஷம். எவ்வளவு சொல்லியும் திருந்தவில்லை. நல்ல குரல், அந்த ஓர் இடத்தில் மட்டும் தப்புப் பாடுவாள். கேசட் போடும்போதுகூடச் சொல்லித்தான் கூட்டிப்போனேன், "இன்னிக்கு மட்டும் ஏழுன்னு வாங்கிரு" என்று. சரி என்று தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

அவள் போய் ஆறு வருஷம். நான் அப்போது சென்னையில் மேடையில் இருந்தேன். பொன்னாடை போர்த்திக்கொண்டு இருக்கும்போது போன் வந்தது. பொன்னாடை என்றால் எனக்கு ஐந்நூறு இருக்கும். குளிருக்கு ஆகாது, ஒரே வழுக்கல்.

இல்லை, எனக்கு ஒன்றுமில்லை. வளைவுக் காற்று கண்ணில் படுகிறது.

அவளுக்குக் கல் எடுத்தோம். ஆனால் கொண்டுபோய் உட்கார வைக்க முடியவில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே புலிக்காடு என்று அறிவித்து, கல்லுவீட்டுக்குப் போகிற வழியில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். நான் போய்க் கேட்டேன். காவலுக்கு இருந்தவன் தலையைச் சொறிந்தான். "காட்டுக்குள்ள இருந்து கல்லு எடுத்துட்டுப் போக பர்மிசன் கேப்பாங்க. காட்டுக்குள்ள கல்லு கொண்டுபோகக் கேக்குறது நீங்க மட்டுந்தான். அதுக்கு ஃபாரம் இல்ல" என்றான். ஃபாரம் இல்லாததால் அவள் ஆறு வருஷமாக அடுப்பு மூலையிலேயே இருக்கிறாள். தினமும் எண்ணெய், தினமும் களி. உயிரோடு இருந்தபோது நான் ஒரு நாளும் அவளுக்குக் களி கிண்டிப் போட்டதில்லை. நினைத்துப் பார்த்தால் வீட்டில் இருந்த நாளே குறைவு.

சரி, அதை விடுங்கள். இப்போதுதான் சட்டம் இருக்கிறதே. எங்கள் காடு என்று நாங்கள் காட்டினால் உள்ளே போகவும் வரவும், தேன் எடுக்கவும், செத்தவர்களை வைக்கவும் உரிமை எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டைத் திறக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் வாய்ச்சொல்லும் சாட்சி, புதைத்த இடமும் சாட்சி. என் தம்பி மகள் சௌமியாதான் ஊர் வன உரிமைக் குழுவுக்குச் செயலாளர். படித்த பெண். அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் பாட்டை வரி விடாமல் எழுதி, மேலே "ஊர்ப் பெரியவர் வாக்குமூலம்" என்று தலைப்புப் போட்டுவிட்டாள். பாட்டைப் போய் யாராவது வாக்குமூலமாக எழுதுவார்களா? தப்பு முழுக்க அவளுடையது.

"பெரியப்பா, ஏழுதான?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். அதை மறைக்கவில்லை. சின்னப் பிள்ளையிலிருந்தே கீழே ஹாஸ்டலில் படித்தவள், திரும்பி வருவதற்குள் கேட் பூட்டியாயிற்று, அவள் பார்த்ததில்லை.

"முப்பது வருசமாப் பாடுறேன், என்னையவே கேக்கிறியா?" என்றேன்.

பாட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பெருமையாக இருந்தது. ஊரில் மற்றவர்கள் ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? பாடிப் பாடி ஊருக்கே ஏழாகிவிட்டது, வாத்தியாரே. கண்ணால் பார்த்தவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போர்டு எட்டு. எனக்குப் பத்து.

போன மாசம் கடிதாசி வந்தது, அதிகாரிகள் நேரில் பார்வையிட வருகிறார்கள் என்று. முப்பது வருஷமாக "வந்து பாருங்க, வந்து பாருங்க" என்று பாடியிருக்கிறேன். வருவார்கள் என்று யார் நினைத்தது?

நாலு நாள் இருந்தது. நான் யானைத்தடம் வழியாக உள்ளே போனேன். தனியாகத்தான். மூன்று நாளில் இரண்டு கல்லுவீடு கட்டிவிட்டேன். ஒவ்வொரு பலகைக்கல்லும் நூறு கிலோ. சரி, முழங்கால் உயரம்தான். ஆனால் வேலை சுத்தம். ஓடைக்கல் எட்டு எடுத்து முதல் வீட்டில் வைத்தேன். இரண்டாவது வீட்டுக்குள் கெம்பியை வைத்தேன். காலியாக இருந்தால் சந்தேகம் வருமே, அதற்காகத்தான். வேறொன்றுமில்லை. ஓடையில் கல்லுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

இந்தப் பை அழுத்துகிறதா? கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். பூசணிக்காய், பெரிசு.

பலாப்பழம் என்றா சொன்னேன்? கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான்.

வந்தார்கள். காக்கிச் சட்டைக்காரர்கள் நாலு பேர், சர்வேயர், அப்புறம் தாசில்தார் ஆபீசிலிருந்து ஒரு சின்ன வயசு அம்மா, காலில் ஷூ போட்டவள். ஊரே பின்னால். சௌமியா கையில் பைலோடு முன்னால் நடக்கிறாள், அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண வீட்டில் நடக்கிற மாதிரி. அஞ்சு வீடும் பார்த்தார்கள். பழசு, பாசி பிடித்து, வேர் இறங்கி. அந்த அம்மா ஒவ்வொன்றின் முன்னாலும் ஷூவைக் கழற்றினாள். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். ஆறாவதற்கு வந்தோம். குனிந்து பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள்.

"ஐயா, இந்தப் பலகைக்கல்லுக்கு மேல்பக்கம் மண்ணு ஒட்டியிருக்கு, கீழ்ப்பக்கம் பாசி இருக்கு. உங்க ஊர்ல தலைகீழாவா பாசி புடிக்கும்?"

காக்கிச் சட்டைகள் சிரித்தார்கள். "மழையில பொரண்டிருக்குங்கம்மா" என்றேன். ஏழாவதற்குப் போனாள்.

"இது எந்தக் குலத்தோடதுங்கய்யா?"

"அழிஞ்சுபோன குலமுங்க. ஒருத்தர்கூட இல்ல."

உள்ளே கையை விட்டாள். விரலை வெளியே எடுத்து முகர்ந்தாள்.

"அழிஞ்சுபோன குலத்துக்கு யாருங்கய்யா எண்ணெய் தடவுறது?"

சௌமியா என்னைப் பார்த்தாள். ஊர் என்னைப் பார்த்தது. கொம்பன்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அந்த அம்மா கெட்டவள் இல்லை. இரண்டு வீட்டை மட்டும்தான் அவள் சந்தேகப்பட்டாள். ஆனால் காக்கிச் சட்டையில் பெரியவன் சொன்னான், "ரெண்டைக் கட்டத் தெரிஞ்சவனுக்கு அஞ்சைக் கட்டத் தெரியாதா?" என்று. அப்படியே எழுதிவிட்டார்கள். ஏழும் புதிதாகக் கட்டியவையாக இருக்கலாம், மறு விசாரணை தேவை என்று. என் பாட்டன், பாட்டனுக்குப் பாட்டன், என் அம்மா, எல்லோரும் போன மாசம் வந்து படுத்தவர்கள் ஆகிவிட்டார்கள். இன்றைக்கு வழக்கு நிற்கவில்லை என்றால் அவ்வளவுதான், கேட் பூட்டினது பூட்டினதுதான்.

ஊரில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், யாரும் என்னைப் பாடச் சொல்வதும் இல்லை. சௌமியா மட்டும் வந்தாள், எட்டாம் நாள். வாசலிலேயே நின்றாள்.

"அது பெரியம்மா கல்லுதான?"

நான் காலியாகக் கிடந்த அடுப்பு மூலையைப் பார்த்தேன்.

"காடு போனாலும் பரவால்ல, அவிங்களையும் பொய்யி பக்கத்துல உக்கார வச்சிட்டியே பெரியப்பா."

போய்விட்டாள். மறுபடி நாலு நாள் கழித்து வந்தாள், கையில் போனோடு. யாரோ என் பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறானாம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்டது, தேதியோடு இருக்கிறது. காதில் வைத்தாள். நான் பாடுகிறேன், ஏ...ழு கல்லுவீடு. என்ன குரல் அது! நானே மயங்கிவிட்டேன். "உன்னையக் கேக்கச் சொல்லல, பின்னால கேளு" என்றாள். கேட்டேன். மற்றவர்கள் ஏழு, ஏழு என்கிறார்கள். அடியில், மெல்லிசாக, தாளம் பிசகாமல், அஞ்சு, அஞ்சு.

தாளம் பிசகவில்லை, வாத்தியாரே. நின்றிருக்கிறது. அஞ்சு அழகாக நின்றிருக்கிறது. இருபத்து நாலு வருஷம் பக்கத்தில் பாடினவள், அந்தத் தாளம் எனக்குக் கேட்கவில்லை.

அதைத்தான் இன்றைக்கு அங்கே போட்டுக் காட்டப் போகிறார்கள். சட்டம் வருவதற்கு முன்னாலேயே அஞ்சு வீடு இருந்ததற்கு அதுதான் ஆதாரமாம். ஆனால் குரல் மட்டும் போதாதாம். பாடினவனே வந்து, முன்னால் பாடுகிறவன் பொய், பின்னால் பாடுகிறவள் உண்மை என்று சொல்ல வேண்டுமாம். "வந்தா அஞ்சுன்னு மட்டும் சொல்லணும். யானை வரக்கூடாது, மந்திரி வரக்கூடாது. இல்லேன்னா வராத." இதுதான் எனக்கு உத்தரவு. வாழ்க்கையில் இவ்வளவு சின்னப் பாட்டு நான் பாடினதே இல்லை.

கஷ்டம் என்ன தெரியுமா? நான் உண்மை சொன்னால் யார் நம்புவார்கள்? பொய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் பேரை நம்ப வைப்பேன். இது பழக்கம் இல்லாத வேலை. வாத்தியாரே, நீங்கள்தான் அந்த அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேளுங்கள் என்னை. ம், கேளுங்கள்.

அஞ்சுங்க. ரெண்டு நான் கட்டினதுங்க.

எப்படி? நம்புகிற மாதிரி இருக்கிறதா? நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்க்கிறீர்கள்.

ஆமாம். பலாப்பழமும் இல்லை, பூசணிக்காயும் இல்லை. நேற்று போய் எடுத்து வந்துவிட்டேன். அந்த வீடு பொய் என்று சொல்லப்போகிறேன், அதற்குள் அவளை வைத்துவிட்டு எப்படிச் சொல்வது? இரண்டு வீட்டையும் பிரித்துக் கல்லைக் கல் இருந்த இடத்தில் போட்டேன். கட்ட மூன்று நாள், பிரிக்க அரை நாள். துண்டு கிடைக்கவில்லை, ஒரு பொன்னாடையில் சுற்றி வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அதற்கு ஒரு வேலை வந்தது. நம்பினார்கள் என்றால், கேட் திறந்தால், அவள் அத்தைமார்களோடு போய் உட்காரலாம். நம்பாவிட்டால் மறுபடி அடுப்பு மூலை. எனக்கும் எழுபத்து மூன்று ஆகிறது. எனக்கப்புறம் யார் எண்ணெய் தடவுவது? இல்லை, எழுபத்தொன்று.

என்ன, மலை முடிந்துவிட்டதா? கடைசி போர்டு பதினாலா? நீங்கள் எண்ணிக்கொண்டே வந்தீர்களா?

பதினாலு.

சரி. பதினாலுதான்.

"மசணண்ணா, ஆபீசு. பாத்து எறங்கு."

கேட்டீர்களா, யானையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கிறது. வாத்தியாரே, ஓர் உதவி. நான் முதலில் இறங்கிவிடுகிறேன், முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. இறங்கி நின்ற பிறகு பையைச் சன்னல் வழியாகக் கொடுங்கள். ஒரு கையால் வேண்டாம், இரண்டு கையாலும். அடியில் தாங்கிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

கெம்பி, வா. நீயே எடுத்துக் கொடு. நான் பின்பாட்டுப் பாடுறேன்.